நாயுடையாரும் வழிச்செல்வாரும்

மக்களோடு கூடி வாழும் விலங்குகளுள் நாய்க்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது வேறொன்றில்லை. ஆவும் எருதும் குதிரையும் மனிதனுக்குப் பெரும்பயன் தருவன. எனினும் அவை தொழுவத்தில் நிற்பன. நாயோ அவன் வீட்டு வாயிலிற் கிடந்து, அவன் வரவு நோக்கியிருந்து, அவன் முகங்கண்டு மகிழ்வது. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுத்துரைக்குங்கால் நாயின் குட்டியைக் 'குருளை' என வழங்குதல் மரபென்றார். ஞமலி, ஞாளி, சுணங்கன் என நாய்க்கு நம் நூல்களில் வழங்கும் பெயர்களும் பல. இங்ஙனம் நம் முன்னோர் நெடுங்காலம் அறிந்து பழகிய ஓர் உயிரைப் பழித்துரைத்தல் நம் கருத்தன்று. நாம் கூறப்புகுவது நாயைப் பற்றியதன்று. நாயை உடையாரைப் பற்றியது. அதனுள்ளும் ஒரு சிறு பகுதியே. காலையிலும் மாலையிலும் தம் நாயை உலாவ அழைத்துச் செல்வோர், அதனைக் கட்டின்றி விட்டோ, கட்டியிருந்தும் பிடியைத் தளரவிட்டோ, வழிச்செல்லும் அயலார்மேல் அது பாயவும், அவரை மோந்து பார்க்கவும், சுற்றிச் சுற்றிக் குரைக்கவும் இடங்கொடுத்தல் முறையாகுமா என்பதே நாம் ஆராயும் பொருள். தெருவிற் பிறந்து தெருவில் வளரும் நாய்களைப் பற்றிய வழக்கு வேறு. அவற்றிற்கு உடையவர் இலர். ஆதலின் அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

மாலை வேளையில் நம் நகர்ப்புறச் சாலைகளில் நடப்போர் இந்நிகழ்ச்சியைக் காணாதிரார். எம் விடுதி மாணவர் பலரும் உலாவச் செல்லும்போது இதனைக் கண்டுள்ளோம். எதிரே ஒருவர் வருகின்றார். அவர்க்கு இருபதடி முன்னே அவருடைய நாய் வருகின்றது. அது நம்மைக் கண்டதும் விரைந்து அணுகுகின்றது. நாம் நிற்கின்றோம். முன்னங்கால்களை நம் மார்பின்மேல் வைக்கின்றது. அல்லது நம் கால்களை மோந்து உறுமுகின்றது. அப்போது நாயுடையார் தம் நடையைச் சற்றும் விரைவுபடுத்தாது, புன்முறுவலோடு சொல்லும் மொழி யாண்டும் ஒன்றே: "பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது!"

'ஒன்றும் செய்யாது' என்னும் இவ்விரு சொற்களின் பொருளைத் தெளிந்தால் இவ்வழக்கு முழுவதும் தெளிவாகும்.

முதற்கண், இவ்வாறு கூறுவோர் பொய் கூறுபவரல்லர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அறிந்த அளவில் அது மெய்யே. அவர் அந்நாயைக் குருளையாக எடுத்து வளர்த்தவர்; தம் கையால் உணவூட்டியவர்; தம் குழந்தைகள் அதன் காதைப் பற்றியிழுக்கவும் அது பொறுத்திருந்ததைக் கண்டவர். ஆனால் அவ்வறிவு அவருக்கே உரியது. வழிச்செல்வானுக்கு அந்நாயோடுள்ள பழக்கம் அரை நிமிடப் பழக்கம். அவன் கண்டன பற்களும் பாய்ச்சலுமே. ஒருவர் பல்லாண்டு பழகிப் பெற்ற நம்பிக்கையை அயலான் ஒருவன் அரை நிமிடத்திற் பெற்றுவிட வேண்டுமென எதிர்பார்த்தல் நடவாத செயல்.

நாலடியார் நட்பைப் பற்றிக் கூறுமிடத்து யானையைத் தள்ளி நாயைக் கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றது. யானை பலநாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ தன் உடம்பில் வேல் தைத்து நிற்பவும், எறிந்தவன் தன்னை வளர்த்தவனாயின் அவனைக் கண்டு வாலாட்டும் என்பது அங்குக் கூறப்படும் கருத்து. நாயின் பெருமைக்கு இதனினும் உயர்ந்த சான்று வேண்டுவதில்லை. ஆயின் இதனுள் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. நாயின் அன்பு வளர்த்தவன்மேற் செல்லும் அன்பு. அது உலகத்தார் அனைவர்க்கும் பொதுவாகப் பகிர்ந்தளிக்கப்படுவதன்று. தன்னவன், அயலான் என்னும் வேறுபாட்டை நாய் நன்கறியும். அறிவதனாற்றான் அது காவலுக்கு உதவுகின்றது. நம் நாட்டில் இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை எனப் பெயர்பெற்ற நாய்களைக் காவலுக்கும் வேட்டைக்குமென்றே வளர்த்துவந்தனர். அயலானை ஐயுறுதல் காவல் நாய்க்குக் குற்றமன்று, குணமென்றே கொள்ளப்பட்டது. இக்காலத்து நகரங்களிற் காணப்படும் அயல்நாட்டு நாய்களுள்ளும் பலவற்றின் மரபு இத்தகையதே. செருமானிய ஷெப்பர்டு ஆட்டுமந்தைக்கென வளர்க்கப்பட்டது. ராட்வைலர், செருமனியிலுள்ள ராட்வைல் என்னும் ஊரின் பெயரால் வழங்கி, மாடுகளை ஓட்டவும் காக்கவும் பயன்பட்டது. வீட்டில் அயலானைக் கண்டு குரைத்தலைப் பாராட்டும் நாம், வீதியில் அதே நாய் அயலானை அன்போடு தழுவும் என எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

நாயின் உள்ளக்குறிப்பை அதன் மெய்ப்பாட்டால் அறியலாமே எனின், அதுவும் எளிதன்று. சார்லசு டார்வின் 1872-ஆம் ஆண்டில் மனிதர், விலங்குகளின் மெய்ப்பாடுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன்கண் அவர் நாயையே முதன்மையான எடுத்துக்காட்டுக்களுள் ஒன்றாகக் கொண்டார். பகையுணர்ச்சியோடு அயலானை அணுகும் நாய் நிமிர்ந்து விறைத்து நடக்கும், தலை சற்றே உயரும், வால் மேலெழுந்து அசையாது நிற்கும், கழுத்திலும் முதுகிலும் மயிர் சிலிர்க்கும், செவி முன்னோக்கும், பார்வை நிலைகுத்தும். வருபவன் தன் தலைவனேயென அறிந்த அக்கணத்தே உடல் தாழ்ந்து நெளியும், வால் ஆடும், செவி பின்னே மடியும். இவ்விரு நிலையும் ஒன்றற்கொன்று முற்றும் மாறானவை என்பதை அவர் விளக்கினார். இத்துணை நுட்பமாக நோக்குதற்கு ஓய்வும் பழக்கமும் வேண்டும். தன்னை நோக்கி ஓடிவரும் நாயின்முன் நிற்பவனுக்கு அவ்விரண்டும் இல்லை. வாலாட்டுதல் ஒன்றையே நட்பின் அடையாளமாகக் கொள்வதும் பிழையாம். 2007-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் சிலர் செய்த ஆராய்ச்சியில், நாய் தன் தலைவனைக் காணும்போது வாலை வலப்பக்கம் மிகுதியாகவும், அறிமுகமில்லாத வலிய நாயைக் காணும்போது இடப்பக்கம் மிகுதியாகவும் ஆட்டுதல் புலப்பட்டது. வாலாட்டம் ஒன்றாயினும் உள்ளக்கிடக்கை வேறு என்பது இதனால் விளங்கும்.

இனி, நாய் உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வழிச்செல்வானுக்குத் தீங்கு நேரவில்லையா? நேர்ந்தது என்பதே எம் விடை. அச்சமே ஒரு தீங்கு. அது அறிவுரையால் உடனே நீங்குவதன்று. உடம்பிற் பதிந்து கிடப்பது. இளமையில் நாயாற் கடியுண்டவர்க்கு முதுமையிலும் அவ்வச்சம் நீங்காதிருத்தல் உண்டு. அஞ்சியவன் செய்வன யாவை? கூவுகின்றான், கையை உயர்த்துகின்றான், திரும்பி ஓடுகின்றான். ஓடுவதைத் துரத்துதல் வேட்டை விலங்கின் இயல்பாதலின், அச்சத்தாற் செய்யும் இச்செயல்களே நாயை மேலும் தூண்டுகின்றன. இங்ஙனம், கடிக்க எண்ணாத நாயும், கடிபட விரும்பாத மனிதனும், ஒருவர் குறிப்பை ஒருவர் அறியாமையால் தீங்கில் வந்து முடிகின்றனர்.

கடியின்றியும் உயிர் போதல் உண்டு. 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஐதராபாத்து நகரில், உணவுப் பொட்டலம் கொடுக்க ஒரு வீட்டின் மாடிக்குச் சென்ற இளைஞர் ஒருவர், அவ்வீட்டு நாய் பாய்ந்து வரக்கண்டு அஞ்சி ஓடி, மூன்றாம் மாடியினின்றும் கீழே விழுந்தார். சின்னாட்களில் மருத்துவமனையில் இறந்தார். அவரைக் கொன்றது நாயின் பல்லன்று, அச்சமே. இது வீதியில் நிகழ்ந்ததன்று எனினும், வீதியில் நிகழ்வதற்கும் இதற்கும் தன்மையால் வேறுபாடில்லை. கைக்கோலூன்றி நடக்கும் முதியவர் ஒருவர், நாய் மேலே பாயாது காலருகே வந்து குரைத்த அளவிலேயே நிலைதடுமாறி விழக்கூடும். முதுமையில் இடுப்பெலும்பு முறிதல் எத்துணைக் கொடியதென்பதை அறியாதார் யார்? கண்ணொளி இழந்தவர்க்கோ எத்திசையிலிருந்து வருகின்றதென்பதும் விளங்காது. ஐந்தாறு வயதுக் குழந்தையின் முகத்திற்கு நேராக நாயின் வாய் இருப்பதும் எண்ணத்தக்கது. 2024-ஆம் ஆண்டு மேத் திங்களில் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள பூங்கா ஒன்றில், கட்டவிழ்ந்திருந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. நாயுடையார்மேல் வழக்குப் பதிவாயிற்று. அன்றியும், சமய ஒழுக்கத்தால் நாயின் எச்சிலைத் தீண்டலாகாதென்பாரும் நம்மிடையே உளர். தமிழ்நாட்டு முசுலிம்களிற் பலர் பின்பற்றும் ஷாபிஈ நெறியில், நாயின் எச்சில் பட்டதனை ஏழு முறை கழுவித் தூய்மை செய்தல் வேண்டும். மாலைத் தொழுகைக்குச் செல்லும் ஒருவரின் உடையை நாய் நக்கினால், 'ஒன்றும் செய்யவில்லை' எனலாமா?

எல்லாவற்றினும் நாம் வருந்துவது ஒன்றுண்டு. உலாவச் செல்லும் செல்வர்க்கு ஒரு சாலை ஒவ்வாவிடில் மற்றொரு சாலை உண்டு. விடியற்காலத்திற் செய்தித்தாள் கொண்டுவருஞ் சிறுவனுக்கும், பால் கொணர்வானுக்கும், வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கும், தபாற்காரருக்கும் வேறு வழியில்லை. அவர்கள் அவ்வீதியிற் சென்றே தீரவேண்டும். அங்குள்ளாரிடமே கூலி பெறவேண்டும். ஆதலின் குறைகூறவும் அஞ்சுவர். உயர்ந்த அலுவலர் ஒருவர் எதிரே வரக்கண்டால் நாயுடையார் கையிலுள்ள தோல்வார் தானே குறுகுவதையும், கூலியாள் ஒருவன் அஞ்சி ஒதுங்கும்போது அவர் வாயில் நகைப்பு எழுவதையும் நாம் கண்டதுண்டு. நாயின் குணத்தை அறிதற்கு இது உதவாதாயினும், நாயுடையாரின் குணத்தை அறிதற்குப் பெரிதும் உதவும்.

அச்சத்திற்குப் பின்னே மற்றோர் ஏதுவும் நிற்கின்றது. அதுவே வெறிநோய். நோய்கொண்ட நாயின் எச்சிலில் அந்நோய்க்கிருமி உள்ளது. கடியால் மட்டுமன்றி, நகக்கீறலாலும், புண்ணின்மேல் நக்குதலாலும் அது மனிதன் உடம்பிற் புகக்கூடும். நோய்க்குறி வெளிப்படுதற்குச் சின்னாள் முன்னரே நாயின் எச்சிலிற் கிருமி இருத்தலும் உண்டு. மனிதனிடத்து நோய்க்குறி தோன்றிவிட்டாற் பின்னர்ப் பிழைத்தல் அரிதினும் அரிது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாசுட்டர் 1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்து காப்பாற்றினார். அவர் பெயரால் நீலமலைக் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் ஒரு நிலையம் ஏற்பட்டது. இத்துணை வசதியிருந்தும், ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மனிதர்க்கு நேரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்களாலேயே வருகின்றது. ஐயத்திற்கிடமான விலங்குகளாற் கடியுண்பாருள் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறார். நாயுடையார் தம் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருக்கலாம். அதனை அவர் அறிவார். கடியுண்டவன் எங்ஙனம் அறிவான்? அவன் பல நாள் மருத்துவமனைக்கு நடந்து, நாட்கூலியை இழந்து, மனங்கலங்கித் திரியவேண்டியவனாகின்றான்.

இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. பாகுதாது நகரின் அருகே 1945-ஆம் ஆண்டிலும் 1947-ஆம் ஆண்டிலும் அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகளில் எசுனுன்னா என்னும் பழைய நாட்டின் சட்டங்கள் காணப்பட்டன. அவை ஏறத்தாழ 3,800 ஆண்டுகட்கு முற்பட்டவை. ஒருவனுடைய நாய் கொடியதென ஊரதிகாரிகள் அவனுக்கு அறிவித்தும் அவன் அதனை அடக்காதிருக்க, அது ஒரு மனிதனைக் கடித்துக் கொன்றால், உடையவன் 40 செக்கல் வெள்ளி தண்டம் இறுக்கவேண்டுமென அவை விதிக்கின்றன. அறிவிப்பைப் பெற்றும் அடக்காமையே அங்குக் குற்றம். கிரேக்க நாட்டுச் சோலோன், கடித்த நாயை மூன்று முழ நீளமுள்ள மரக்கட்டை கழுத்திற் பூட்டி ஒப்படைக்குமாறு சட்டஞ்செய்தான் எனப் புளூட்டார்க்கு எழுதியுள்ளார். உரோமர் மேலுஞ் சென்றனர். பொதுமக்கள் நடக்கும் வழியருகே தீங்கு நேரத்தக்க வகையில் நாய், காட்டுப்பன்றி, ஓநாய், கரடி, சிங்கம் முதலியவற்றை வைத்திருத்தலாகாதென அவர்கள் ஆணையிட்டனர். நாயைச் சிங்கத்தோடு ஒருங்கு எண்ணியது நோக்கத்தக்கது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலுள் புதைந்த பொம்பெயி நகரில், ஒரு வீட்டு வாயிற்றரையில் சங்கிலியாற் கட்டிய நாயின் உருவமும், 'நாயைக் குறித்து எச்சரிக்கை' என்னும் பொருள்தரும் எழுத்தும் வண்ணக்கற்களாற் பதிக்கப்பட்டிருக்கின்றன. தன் வீட்டு வாயிலிலேயே அவ்வீட்டுக்காரன் அயலானை எச்சரித்தான்; நம் காலத்தாரோ பொதுவீதியிலும் எச்சரிப்பதில்லை.

ஆங்கில நாட்டுப் பழைய பொதுச்சட்டத்தில், நாய் கொடியதென்பதை உடையவன் முன்னரே அறிந்திருந்தமையை மெய்ப்பித்தாலன்றி ஈடு பெறுதல் அரிதாயிருந்தது. ஆதலின், நாய்க்கு முதற்கடி இலவசம் என்று மக்கள் கூறுவாராயினர். அந்நாட்டு 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையினும் முன்னேறியது. நாய் ஒருவரைக் காயப்படுத்துமென அஞ்சுதற்குத் தக்க காரணம் இருந்தாலே போதும். காயப்படுத்தினும் படுத்தாவிடினும், அந்நாய் அடக்கின்றி இருந்ததென்றே கொள்ளப்படும். கடியை மட்டுமே நோக்கிய சட்டம், நாளடைவில் அச்சத்தையும் நோக்குவதாயிற்று. நம் நாட்டில், 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு, தம் வசமுள்ள விலங்கால் மனிதவுயிர்க்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதவாறு காக்கத் தவறுவோர்க்கு ஆறு திங்கட் சிறையும், 1,000 ரூபாய் வரை தண்டமும் வகுத்திருந்தது. அதற்கு மாற்றாக 2024-ஆம் ஆண்டு சூலை முதல்நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 291-ஆம் பிரிவாக அதுவே நிற்கின்றது. தண்டம் 5,000 ரூபாய் வரை உயர்ந்துள்ளது. எனினும் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு சாலையிலும் காவலரை நிறுத்துதல் இயலாது. சட்டம் புகாத இடத்தில் மரியாதையே காவல்.

நாயுடையார் கூறும் மறுப்புரைகளையும் கேட்டல் முறை. 'நாயும் ஓர் உயிரன்றோ? ஓடியாடுதல் அதற்கு வேண்டாவா?' என்பர். வேண்டும், ஆனால் அதற்குரிய இடம் தம் வீட்டு முற்றம், தோட்டம், பிறர் இல்லாத வெளி ஆகியவை. பொதுவழி நடப்பார் அனைவர்க்கும் உரியது. 'வாராற் கட்டுதல் அன்பின்மையாம்' என்பர். உண்மை நோக்கின், கட்டற்ற நாய்க்கே கேடு மிகுதி. அது வண்டியின்கீழ் விழும்; தெருநாய்களாற் கடியுண்ணும்; ஒருநாள் யாரையேனும் கடித்துவிட்டால், அதனை ஊரார் அடிப்பர்; உடையவரும் கைவிடுவர். உடையவரின் பிழைக்கு நாய் தண்டம் இறுக்கின்றது. 'அஞ்சுதல் அஞ்சுவாரின் குறையன்றோ?' என்பர் சிலர். அது குறையே ஆயினும், அவர் குறையைத் தீர்க்கும் பொறுப்பை நம் நாயிடம் ஒப்படைத்தவர் யார்?

ஆகவே நாயுடையார் செய்யற்பாலன சில. பொதுவழியில் நாயை நாலு முழத்திற்கு மேற்படாத வாராற் பிணித்து, அதனை அடக்கும் வலிமையுடையாரே பிடித்துச் செல்லவேண்டும். பெரிய நாயைச் சிறு குழந்தையிடம் கொடுத்தனுப்புதல் ஆகாது. எதிரே ஒருவர் வருங்கால் வாரைக் குறுக்கித் தாமே ஓரமாக ஒதுங்குதல் வேண்டும். அழைத்தவுடன் திரும்பி வரவும், இருவென்றால் இருக்கவும் குருளைப் பருவத்திலேயே பழக்கவேண்டும். முரட்டு நாயாயின் வாய்க்கூடு இடவேண்டும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும், நகராட்சி விதித்துள்ள இடங்களில் உரிமமும் தவறலாகா. நாயை வருட விரும்புவோர் பலர் உளர். ஆயின் அது அவர் கேட்டபின் நிகழவேண்டுவது.

வழிச்செல்வாரும் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். நாய் நோக்கி வந்தால் ஓடலாகாது, கூவலாகாது. கைகளைத் தாழ்த்தி, அதன் கண்ணை உற்றுநோக்காது, சற்றே பக்கவாட்டில் திரும்பி அசையாது நிற்கவேண்டும். கையிற் பையோ குடையோ இருப்பின் அதனை இடையே தடையாகப் பிடிக்கலாம். பின்பு மெல்ல மெல்லப் பின்வாங்கலாம். பல் பட்டாலும் நகம் பட்டாலும், ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு முதலியவற்றை இடும் நாட்டுவழக்கம் தீங்கு பயப்பது.

நாயின் அன்பு, வளர்த்தவர் தேடிக்கொண்ட செல்வம். அச்செல்வத்தை அவர் மகிழ்ந்து துய்க்க நமக்குத் தடையில்லை. அதன்மேல் அயலானும் நம்பிக்கை வைக்கவேண்டுமாயின், அந்நம்பிக்கைக்குப் பிணை நிற்கவேண்டியவர் நாயுடையாரே. 'ஒன்றும் செய்யாது' என்னும் வாய்மொழி அத்தகைய பிணையன்று. கையிற் குறுகப் பிடித்த நாலு முழ வாரே அப்பிணை. அதனைக் காணும் வழிச்செல்வான் அஞ்சவும் வேண்டா. நாயுடையார் அவனைத் தேற்றவும் வேண்டா. இருவரும் ஒருவர்க்கொருவர் மாலை வணக்கம் கூறி அவரவர் வழியிற் செல்லலாம்.